புது ஆட்களோடு ஆங்கிலக் கால்வாயைக் கடப்பது: நான்கு வழிகளில் எதை எடுப்பது?

ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் இங்கிலாந்தின் தென்கரைக்கும் நடுவே உள்ள சோலன்ட் நீரிணையில் ஓரிரு கோடைகாலம் பாய்மரப் படகு ஓட்டியவர்களுக்கு அடுத்த ஆசை பிரான்ஸ்தான். கௌஸ், யார்மத், லிமிங்டன் என்று சுற்றிச்சுற்றி வந்தபிறகு, கூட வருகிற நண்பர்களே "அக்கரைக்கு எப்போ?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சவுத்தாம்ப்டன், போர்ட்ஸ்மத் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களிலும் படகு வாங்கியவர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். படகு ஓட்டத் தெரிந்தவர் ஒருவர். மற்ற மூன்று நான்கு பேர் வார இறுதியில் வந்து, சொன்ன கயிற்றை இழுத்து, சொன்னபோது விட்டவர்கள். கரை கண்ணுக்கு மறைகிற தூரம் அவர்கள் போனதில்லை. இப்படிப்பட்ட குழுவோடு முதல்முறை கால்வாயைக் கடக்க எந்த வழி சரி என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பேச்சு வந்ததும் எல்லோரும் வரைபடத்தை விரித்து மைல் கணக்குப் பார்ப்பார்கள். தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றுவது இயல்பு. நான் முதலில் கேட்பது வேறு: பாதிவழியில் ஸ்கிப்பர் (படகின் தலைவர்) படுத்துவிட்டால், மீதிப்பேர் படகைக் கரை சேர்க்கக்கூடிய வழியா இது? ஸ்கிப்பருக்கும் குமட்டல் வரும். கொதிநீர் அவர் கையிலும் கொட்டும், பாயின் அடிக்கட்டையான பூம் அவர் தலையிலும் அடிக்கும். தண்ணீரில் விழுவதும் அவராகவே இருக்கலாம். புது ஆட்கள் இருக்கிற படகில், முன்தளத்துக்குப் போய்ச் சிக்கலை அவிழ்க்கிறவர் அநேகமாக எப்போதும் அவர்தானே.

இது கற்பனை பயம் இல்லை. 2011 ஜூனில், செல்சி பில் முனைக்குத் தெற்கே 'லயன்' என்ற படகின் ஸ்கிப்பர் கடலில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், ஆளைப் படகோடு பிணைக்கிற டெதர் கயிற்றையும் மாட்டியிருந்தார். அந்த டெதரோடு படகின் பக்கவாட்டிலேயே இழுபட்டு, மேலே ஏற்றுவதற்குள் இறந்துபோனார். பாதுகாப்புச் சாமான் எல்லாம் உடம்பில் இருந்தும் இது நடந்தது. அதனால்தான் வழி, மாதம், கருவி எல்லாவற்றையும் 'ஸ்கிப்பர் இல்லாத படகு' என்ற ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்கிறேன்.

டோவரிலிருந்து காலே

துறைக்குத் துறை சுமார் 22 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போனால் நாலரை மணி நேரம். வெயில் நாளில் கிளம்பும்போதே அக்கரை தெரியும். கேட்கிறவர்களில் பலர் இதையே முதல் வழியாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உலகத்திலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் இது ஒன்று, தினமும் 400 கப்பல்களுக்கு மேல் போகின்றன. வடகிழக்கே போகிறவற்றுக்கு ஒரு தடம், தென்மேற்கே வருகிறவற்றுக்கு ஒரு தடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைக் குறுக்கே கடக்கிற படகின் முகம் தடத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஓதம் (ஏற்றவற்ற நீரோட்டம்) பக்கவாட்டில் தள்ளினாலும் முகத்தைத் திருப்பக்கூடாது. 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும் தடத்தில் வருகிற கப்பலுக்கு இடைஞ்சல் தரவும் கூடாது. புதிதாகச் சுக்கான் பிடிக்கிறவர் என்ன செய்வார்? ஜிபிஎஸ் திரையில் கோடு விலகுவதைப் பார்த்ததும் படகைக் கோட்டுக்குத் திருப்புவார். இங்கே அது விதிமீறல். இதற்கு நடுவே டோவருக்கும் காலேக்கும் ஃபெர்ரிகள் ஓயாமல் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கிப்பர் கீழே படுத்துக்கிடக்கும்போது, முன்னால் போவதா நிற்பதா என்று மற்றவர்கள் முடிவெடுக்க வேண்டிய இடமாக இதை நினைத்துப் பாருங்கள்.

போதாததற்கு காலேயில் நம்மைப் போன்ற படகுகள் நிற்கிற யாட் துறை, உயர் ஓதத்தை ஒட்டிய சில மணி நேரம் மட்டும் திறக்கிற கதவுக்கு உள்ளே இருக்கிறது. சோலன்ட் ஆட்களுக்கு டோவர் போய்ச் சேருவதே சுமார் 100 மைல். டோவர், ராம்ஸ்கேட் பக்கமே படகு வைத்திருந்து, அந்தத் தண்ணீரிலேயே பழகியவர்களுக்கு இது ஒத்துவரலாம்.

வேமத்திலிருந்து ஆல்டர்னி

ஆல்டர்னி தீவு எனக்கு மிகவும் பிடித்த இடம். மேற்குப் பக்கம் பாறைத் திட்டுகளில் ஆயிரக்கணக்கான கேனட் பறவைகள் வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கும் காட்சிக்காகவே போகலாம். வேமத்திலிருந்து சுமார் 55 மைல், ஐல் ஆஃப் வைட்டின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து 60 மைல். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. ஆல்டர்னி உள்ளிட்ட கால்வாய்த் தீவுகள் ஷெங்கன் (ஐரோப்பியப் பொது விசா) எல்லைக்குள் வராதவை, அதனால் பிரெஞ்சு விசாவுக்கு அலைய வேண்டாம்.

ஆனால் தீவை நெருங்கும் கடைசி இரண்டு மணி நேரம்தான் இந்தப் பயணத்திலேயே கஷ்டமான கட்டம். கிழக்கே ஆல்டர்னி ரேஸ், மேற்கே ஸ்விஞ்ச், இரண்டும் கடும் நீரோட்டமுள்ள கடற்பகுதிகள். ஸ்பிரிங் ஓதத்தின்போது (ஏற்றவற்றம் மிகுந்த நாட்களில்) ரேஸில் தண்ணீர் 7 நாட்டுக்கு மேல் ஓடும். உங்கள் படகின் வேகமே 5 அல்லது 6. ஒரு மணி நேரம் பிந்தி வந்தால், துறை கண்ணெதிரே இருக்கும்போதே தண்ணீர் உங்களைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். காற்றும் ஓதமும் எதிரெதிராக நின்றால் அங்கே எழும் அலையைப் புது ஆட்கள் பார்க்காமல் இருப்பது நல்லது. பிரே துறையும் வடகிழக்குக் காற்றுக்குத் திறந்தது. மிதவையில் கட்டி இரவு முழுக்க ஆடிக்கொண்டே தூங்க வேண்டியிருக்கும். 12 மணி நேரம் களைத்து வந்த குழுவுக்கு மிகத் துல்லியமான வேலையைக் கடைசியில் வைக்கிற வழி இது. இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளிமத்திலிருந்து ரோஸ்காஃப்

சுமார் 97 மைல், 20 மணி நேரம். ஓர் இரவு கடலில் கழிந்தே தீரும். துறை நல்ல துறை. ரோஸ்காஃபின் ப்ளோஸ்கோன் யாட் துறைக்குள் எந்த ஓதத்திலும் நுழையலாம். பிளிமத்திலேயே படகு இருந்து, குழுவில் இரவுக் காவல் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தால் நல்ல பயணமாக அமையும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் ஸ்கிப்பர் 20 மணி நேரமும் அரைத்தூக்கத்தில் மேலேயே கிடப்பார். விடியற்காலை பிரான்ஸின் பிரிட்டனிக் கரையின் பாறைகளை நெருங்கும்போது அவர் தலை வேலை செய்யாது. ஃபால்மத்திலிருந்து பிஸ்கே விரிகுடா தாண்டி ஸ்பெயினின் ஆ கொருன்யா போகிற 450 மைல் பயணத்தை முதல் பயணமாக யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓர் இரவே பழகாத குழு மூன்று நான்கு இரவுகளுக்குக் கிளம்புவதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

சோலன்டிலிருந்து செர்பூர்

என் தேர்வு இதுதான். நீடில்ஸ் பாறையிலிருந்து செர்பூர் கிட்டத்தட்ட நேர் தெற்கு, சுமார் 60 மைல். 5 நாட்டில் 12 மணி நேரம். மேற்குக் காற்றோ கிழக்குக் காற்றோ அடித்தால் போக்கிலும் வரவிலும் காற்று பக்கவாட்டில் கிடைக்கும். புது ஆட்களுக்கு அதைவிடச் சுலபமான ஓட்டம் கிடையாது.

நடுவில் கப்பல்கள் வராமல் இல்லை. ஆல்டர்னிக்கு மேற்கே உள்ள காஸ்கெட்ஸ் தடத்திலிருந்து டோவர் தடத்துக்குப் போகிறவை எல்லாம் உங்களைக் குறுக்கே கடந்துதான் போகும். ஆனால் இங்கே பிரிக்கப்பட்ட தடம் கிடையாது, வழக்கமான கடல் விதிகளே பொருந்தும். ஒதுங்கவும், வேகத்தைக் குறைக்கவும், வேண்டுமானால் ஒரு வட்டம் அடித்துக் கப்பலை முன்னால் போகவிடவும் இடம் இருக்கிறது. 18 நாட்டில் வருகிற கப்பல் 6 மைல் தூரத்தில் தெரிந்தால் உங்களுக்கு 20 நிமிடம் இருக்கிறது. கையடக்கத் திசைகாட்டியில் அந்தக் கப்பலின் கோணத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். கோணம் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும் போக்கு. இதை ஒரு மதியத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டுகிற ஏஐஎஸ் திரை இருந்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும்.

செர்பூரின் பெரிய பலம் அதன் துறை. நீளமான அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே மிகப் பரந்த வெளித்துறை. மேற்கிலும் கிழக்கிலும் அகலமான வாசல்கள். எந்த ஓதத்திலும், பகலோ இரவோ, அநேகமாக எந்தக் காற்றிலும் நுழையலாம். 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பிய டைட்டானிக் அன்று மாலை முதலில் நின்றதும் இந்த வெளித்துறையில்தான். சுவருக்குள் வந்துவிட்டால் அலை அடங்கிவிடும். யாருக்கும் அவசரமில்லாமல் பாயை இறக்கி, பக்கவாட்டில் உரசாமலிருக்க ஃபெண்டர் கட்டி, கயிறு தயார் செய்துகொண்டு ஷான்தரேன் யாட் துறைக்குப் போகலாம். ஸ்கிப்பர் படுத்துக்கிடந்தால்கூட, தெற்கே முகம் வைத்து இன்ஜினைப் போட்டுக்கொண்டு வந்து, சுவரை நெருங்கும்போது ரேடியோவில் உதவி கேட்க முடியும். மற்ற மூன்று வழிகளில் இந்த வசதி இந்த அளவுக்கு இல்லை.

இந்த வழியில் முன்கூட்டியே புரிந்துகொள்ள வேண்டியது ஓதம். சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் சுற்றி. செர்பூரில் ஸ்பிரிங் நாளில் 5 மீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் கால்வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். ஆறு மணி நேரம் கிழக்கே ஓடும், அடுத்த ஆறு மணி நேரம் மேற்கே ஓடும். ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் மட்டுமே உங்களைப் பத்து மைலுக்கு மேல் தள்ளிவிடும். நேர்கோட்டிலேயே போகிறேன் என்று திரையைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமும் திருத்திக்கொண்டே போனால், பாதி நேரம் தண்ணீரை எதிர்த்து முக்கிக்கொண்டிருப்பீர்கள். 12 மணி நேரப் பயணத்தில் இரண்டு பக்கத் தள்ளலும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். மணிக்கு மணி ஓத அட்டவணையைக் கூட்டிக் கழித்து, மீதி எவ்வளவோ அதற்கு மட்டும் திருத்தி, ஒரே திசையைச் சுக்கான்காரரிடம் கொடுத்துவிடுங்கள். 'இந்த எண்ணைப் பிடித்துக்கொள்' என்பது புது ஆள் செய்யக்கூடிய வேலை. படகு கோட்டுக்கு ஏழெட்டு மைல் கிழக்கேயோ மேற்கேயோ போய்த் திரும்பி வரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நடுக்கடலில் ஒருவர் திரையைப் பார்த்துப் பதறுவார். பிரெஞ்சுக் கரையை நெருங்க நெருங்க ஓட்டம் கடுமையாகும் என்பதால், கடைசிப் பத்து மைலில் ஓதம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சற்றுத் தள்ளியே குறிவைக்க வேண்டும். துறையைத் தாண்டிவிட்டால் திரும்பி ஏறுவது பெரும்பாடு.

நாள் பார்ப்பதற்கு நம் வீட்டு நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாள் ஸ்பிரிங். அஷ்டமி கழிந்து ஓரிரு நாள் நீப், அதாவது ஏற்றவற்றம் குறைந்த நாள். முதல் பயணத்துக்கு நீப் நாளை எடுங்கள். கடிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை: பிரான்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிரிட்டிஷ் அட்டவணையும் பிரெஞ்சு அட்டவணையும் கலந்து வாசித்தால் ஓதக் கணக்கு முழுவதும் ஒரு மணி நேரம் பிசகும். கட்டி முடிக்கிறவரை படகில் பிரிட்டிஷ் நேரம் மட்டும் இருக்கட்டும்.

ஜூனா, செப்டம்பரா? பகலா, இரவா?

செப்டம்பரில் தண்ணீர் 17 டிகிரி சுற்றி இருக்கும். ஜூன் தொடக்கத்தில் 13 சுற்றி. தண்ணீரில் விழுகிறவருக்கு அந்த நான்கு டிகிரி பெரிய விஷயம்தான். இருந்தும் நான் ஜூனைச் சொல்வேன். காலை 5 மணிக்கு முன்பே விடிந்து, இரவு 9 மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. 12 மணி நேரப் பயணம் முழுவதும் வெளிச்சத்தில் அடங்கி, பிந்தினாலும் மூன்று நான்கு மணி நேரம் கையில் இருக்கும். செப்டம்பர் கடைசியில் பகலே 12 மணி நேரம்தான்.

இரவில் கிளம்பி விடியும்போது அக்கரையில் இறங்குவது அனுபவசாலிகள் விரும்புகிற முறை. தூரத்திலிருந்தே கலங்கரை விளக்கங்கள் தெரியும், அறிமுகமில்லாத துறையில் பகலில் நுழையலாம். புது ஆட்களுக்கு அது வேண்டாம். 2006 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட்டுக்குத் தெற்கே 'ஊசோ' என்ற சிறிய யாட் ஓர் இரவில் மறைந்துபோனது. அதில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். ஒரு பெரிய பயணிகள் கப்பல் மோதியிருக்க வேண்டும், அல்லது மிக அருகே கடந்து அதன் அலையில் படகு மூழ்கியிருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவின் முடிவு. நல்ல ரேடார் பிரதிபலிப்பான், பிரகாசமான மாஸ்ட் விளக்கு, ஏஐஎஸ் அனுப்பி இவை மூன்றும் பகல் பயணத்துக்கும் இருக்கட்டும்.

கிளம்புகிற நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சோலன்டின் மேற்கு வாயிலான ஹர்ஸ்ட் முனைக் குறுகலில் வெளியே ஓடுகிற ஓதத்தைப் பிடித்துக்கொண்டால் படகு பறக்கும். தென்மேற்குக் காற்று எதிரே நின்றால் அதே இடத்தில் நீடில்ஸ் வாய் கொதிக்கும், ஷிங்கிள்ஸ் கூழாங்கல் திட்டில் அலை உடையும். காலை 5 மணிக்கு, காபிகூடக் குடிக்காத வயிற்றோடு, முதல் அரை மணி நேரத்திலேயே குழுவில் பாதிப்பேர் படுத்துவிடுவார்கள். காற்று மேற்கிலிருந்து போஃபர்ட் காற்று அளவில் 4க்கு மேல் என்றால் ஓத வேகத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, தண்ணீர் தளர்ந்த நேரத்தில் வெளியேறுவதே மேல்.

கூலிக்கு ஸ்கிப்பர் எடுக்கலாமா?

யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் சான்று பெற 50 நாள் கடல் அனுபவம், 2,500 மைல், 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள் கேட்கிறார்கள். அந்த அனுபவமுள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு அழைத்துப் போகலாம். படகுக்காரர் தானே தலைமை ஏற்றும் போகலாம். நான் பரிந்துரைப்பது நடுவழி: படகுக்காரரே ஸ்கிப்பர், கூலிக்கு வருகிறவர் இரண்டாம் ஆள். தயாரிப்பு, ஓதக் கணக்கு, போவதா வேண்டாமா என்ற முடிவு எல்லாம் உங்களுடையது. அவர் பார்த்துக்கொண்டிருப்பார், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வார். 'ஸ்கிப்பர் இல்லாவிட்டால்' என்ற கேள்விக்குப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய நேரடியான பதில் இதுதான். முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் அவர் இல்லாமல் கிளம்பும்போது நீங்கள் மறுபடி முதல் படியில்தான் நிற்பீர்கள்.

அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால், குழுவில் ஒருவரையாவது புது ஆட்களுக்கான ஐந்து நாள் காம்பிடன்ட் க்ரூ வகுப்புக்கு அனுப்புங்கள், எல்லோரும் ஒரு நாள் கடல் உயிர்காப்பு வகுப்புக்குப் போங்கள். நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட் ஊதி விரிவதையும், கவிழ்ந்த லைஃப் ராஃப்டை (உயிர்காப்பு மிதவையை) நிமிர்த்தி ஏறுவதையும் ஒருமுறை செய்தவர் படகில் வேறு மாதிரி நடந்துகொள்வார். அப்புறம் ஐல் ஆஃப் வைட்டை ஒரே நாளில் சுற்றி வாருங்கள். 50 மைல் சொச்சம். அந்த நாள் மாலை யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தாலே கால்வாய்க்குத் தயாரா என்பது தெரிந்துவிடும்.

எங்கள் படகில் ரேடியோவுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். செய்ய வேண்டியது தமிழில், சொல்ல வேண்டியது ஆங்கில வார்த்தைகளில், ஆனால் எல்லாம் தமிழ் எழுத்தில். சிவப்பு மூடியைத் திறக்கவும். பொத்தானை 5 வினாடி அழுத்திப் பிடிக்கவும். சேனல் 16. மைக்கில் 'மேடே' மூன்று தடவை, படகின் பெயர் மூன்று தடவை, இருக்கும் இடம், என்ன ஆயிற்று, எத்தனை பேர். ஒரு சனிக்கிழமை துறையில் கட்டிவைத்த படகில், ரேடியோவை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் வாசிக்க வைத்தோம். நண்பரின் மனைவி, ஆங்கிலத்திலேயே நாள் முழுக்க வேலை பார்க்கிறவர், இடம் சொல்ல வந்ததும் திணறினார். திரையில் 50 டிகிரி 10.5 நிமிடம் என்று இருந்ததை 50.105 டிகிரி என்று சேர்த்து வாசித்துவிட்டார். நாலு மைல் வித்தியாசம். "அண்ணா, ஒவ்வொரு எண்ணா சொல்லட்டுமா?" என்று அவரே கேட்டு, அடுத்த முறை 'ஃபைவ், ஜீரோ, டிகிரீஸ், ஒன், ஜீரோ, டெசிமல், ஃபைவ், மினிட்ஸ், நார்த்' என்று பிசகாமல் முடித்தார். அன்றே அட்டையில் அந்த வரிசையையும் சேர்த்தோம். அதேபோல இன்ஜினைப் போடுவது, நிறுத்துவது, பாயை அப்படியே கீழே விடுவது, ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கத் திரையில் எம்ஓபி பொத்தானை அழுத்துவது இந்த நான்கையும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

லைஃப் ஜாக்கெட்டில் சமரசம் வேண்டாம். 150 நியூட்டன் மிதப்பு, தொடையிடுக்கு வார், விளக்கு, முகத்துக்கு மேல் மூடி. வார் இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் தலைக்கு மேல் ஏறிவிடும். டெதரை காக்பிட்டுக்கு (சுக்கான் பிடிக்கிற இடத்துக்கு) வருவதற்கு முன்பே, படிக்கட்டில் நிற்கும்போதே மாட்டிவிட வேண்டும். முன்தளத்தில் குட்டை டெதர், படகின் நடுக்கோட்டை ஒட்டி. நீளமான டெதர் ஆளை விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் தொங்கவிடும்.

உடம்பில் வைத்துக்கொள்கிற அபாய ஒலிபரப்பிகளில் பிஎல்பியா, ஏஐஎஸ் பீக்கனா என்பது அடிக்கடி வரும் கேள்வி. பிஎல்பி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குப் பேசி, அங்கிருந்து மீட்பு மையத்துக்குப் போகிறது. ஏஐஎஸ் பீக்கன் சில மைல் சுற்றளவில் இருக்கும் படகுகளின் திரையில் நேரடியாகத் தெரிகிறது. தண்ணீரில் இருப்பவரைச் சில நிமிடங்களில் அடையக்கூடியது அவர் விழுந்த படகு மட்டும்தான். குளிர்ந்த நீரில் முதல் நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போய்விடும், பத்து நிமிடத்துக்குள் விரல்கள் வேலை செய்யாமல் போகும். அதனால் பழகிய குழுவுக்கு ஏஐஎஸ்தான் முதலில். ஆனால் விழுந்தவர் ஸ்கிப்பராக இருந்து, மீதிப்பேருக்குப் படகைத் திருப்பத் தெரியாது என்றால்? ஸ்கிப்பரின் ஜாக்கெட்டில் இரண்டும் இருக்கட்டும், மற்றவர்களுக்கு ஏஐஎஸ் போதும். படகுக்கென்று ஓர் ஈபெர்ப், அதாவது படகுக்கான செயற்கைக்கோள் அபாய ஒலிபரப்பி.

லைஃப் ராஃப்ட்டை வாடகைக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒரு வாரம் வெளிக்கடல் போகிற படகுக்கு, வாங்கிச் சொந்தமாகப் பராமரிப்பதைவிட, சர்வீஸ் செய்யப்பட்ட ராஃப்ட்டை அந்த வாரத்துக்கு எடுப்பது பணத்துக்கும் நல்லது, நம்பிக்கைக்கும் நல்லது. ராஃப்ட் இருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு ஏறிவிடக்கூடாது என்பதையும் குழுவுக்குச் சொல்லுங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 303 படகுகள் கிளம்பின, 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். ஆட்கள் விட்டுவிட்டு வந்த படகுகள் 24. மூழ்கியவை ஐந்துதான். படகு காலடியில் மூழ்குகிறவரை படகுதான் பெரிய ராஃப்ட்.

விழுந்தவரை மேலே ஏற்றும் ஏற்பாடு எந்தக் கடையிலும் முழுதாகக் கிடைக்காது. பாயை ஏற்றுகிற ஹாலியார்ட் கயிற்றை ஜாக்கெட்டின் தூக்கு வளையத்தில் மாட்டி, வின்ச்சில் (கைப்பிடியால் சுற்றுகிற உருளையில்) சுற்றி இழுக்க வேண்டும். துறையில் ஒரு கோடை மதியத்தில், நனையச் சம்மதிக்கிற ஒருவரைத் தண்ணீரில் இறக்கி, குழுவில் உடல் வலு குறைந்தவர் வின்ச்சைச் சுற்றிப் பார்க்கட்டும். முடியவில்லையென்றால் கப்பி வேண்டும். இதோடு சேர்ந்த இன்னொரு கண்டிப்பு, ஆண்களுக்கு: படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிப்பது கிடையாது. கீழே போய், உட்கார்ந்து.

குமட்டலுக்கு சின்னரிசைன் மாத்திரை இங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. முதல்முறை கடலில் போடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் வீட்டில் போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். கடலில் வாந்தி வருவதற்கு முன்பே போட்டால்தான் பலன். சாப்பாட்டுக்கு இட்லி, தயிர்சாதம், இஞ்சி மரப்பா. புளியோதரையும் மிளகாய்ப்பொடியும் செர்பூர் போய்ச் சேர்ந்தபிறகு.

டீசல் டேங்கின் அடியில் தங்கிய கசடு அலையில் கலங்கி ஃபில்டரை அடைப்பது, புதிதாகக் கடலுக்குப் போகிற படகுகளில் வழக்கமாக நடப்பது. மாற்று ஃபில்டர் இரண்டும், மாற்றத் தெரிந்த இரண்டு பேரும் வேண்டும்.

தேதி

நான்கு வழிகளையும் ஒப்பிட்டதில் செர்பூருக்கு நான் கொடுக்கிற கடைசி மதிப்பெண் ஃபெர்ரிக்கு. வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும், திங்கட்கிழமை ஆபீஸ் என்று கட்டிக்கொண்டு கிளம்புகிற குழு, ஞாயிறு காலை 6 அளவுக்குக் காற்று என்று அறிவிப்பு வந்தாலும் கிளம்பத்தான் பார்க்கும். செர்பூரிலிருந்து பூலுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் ஃபெர்ரி ஓடுகிறது. படகைத் துறையில் விட்டுவிட்டு எல்லோரும் அதில் திரும்பி, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத் துறை வாடகையை ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கில் எழுதிவையுங்கள். அப்போது அந்த முடிவை எடுக்க மனம் வரும். எல்லையையும் வியாழக்கிழமையே எழுதிவையுங்கள். நான் வைக்கிறது: வைட், போர்ட்லண்ட் என்ற இரண்டு கடற்பகுதிகளுக்கும் வருகிற வானிலை அறிவிப்பில் காற்றுக்கு 5 என்ற எண் இருந்தாலே முதல் பயணம் இல்லை. அந்த வார இறுதியில் பூல் போய் ஸ்டட்லண்டில் நங்கூரம் போடலாம்.

காகித வேலையும் தேதியோடு சேர்ந்தது. பிரிட்டனை விட்டுக் கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்குள், குறைந்தது 2 மணி நேரம் முன்னால், படகு விவரமும் ஆட்கள் விவரமும் எல்லைப் படைக்கு இணையத்தில் கொடுக்க வேண்டும். திரும்பும்போதும் அப்படியே. ஷெங்கன் விசா வேண்டியவர்கள் அந்த ஒரு வார இறுதிக்கு மட்டும் விண்ணப்பிக்காமல், அடுத்த இரண்டு நீப் வாரங்களையும் உள்ளடக்கிக் கேளுங்கள். செர்பூரில் கட்டியதும் துறை அலுவலகத்தில் சொல்லி, எல்லைக் காவலரிடம் நுழைவைப் பதிவு செய்துவிட வேண்டும். படகில் உள்ளே வந்ததற்குப் பதிவு இல்லாமல் ஃபெர்ரியில் வெளியே போகப் பார்த்தால், ஞாயிறு மாலை முழுவதும் அந்தக் கவுன்டரிலேயே போய்விடும்.